இரண்டாவது கோட்டிங்

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் லாரி காலையிலேயே வந்துவிட்டது. ஜெசிந்தாதான் குடங்களை மாடிக்குத் தூக்கி வந்தாள். என் கணவரைத் துடைத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைப்பதற்கு வருகிறவள் அவள். தண்ணீர் தூக்குவது அவள் வேலை இல்லை. ஆனாலும் இந்த வருஷம் சென்னையில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. சாப்பாடு ஊட்டிவிட்டுப் பிற்பகலில் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவரும்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இன்று வந்தாள். மார்ச்சில் வந்த பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. இடது கை மட்டும் மிச்சம். "சாருக்குப் பிடிச்ச விஷயத்துல கேள்வி கேளுங்க மேடம். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு" என்றாள். பிடித்த விஷயம் எது என்று யோசிக்கவே வேண்டாம். கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். மூன்று அடுக்கு நிறையப் பொம்மைக் கார்கள். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும்.

"இத்தனையும் சார் கையாலயா!" என்று வாயைப் பிளந்தாள் அந்தப் பெண். ஆமாம், ரயில்பெட்டி ஆலையில் வரைபடம் போடுகிற வேலை போக மற்ற நேரமெல்லாம் இதுதான். போகும்போது வாசலில் என்னைத் தனியாக அழைத்து ஒன்று சொன்னாள்: "சில பேருக்கு மூளையில ஆமாவும் இல்லையும் இடம் மாறிப் போயிடும். அவர் ரெண்டு தட்டு தட்டினா அது இல்லைதான்னு எடுத்துக்காதீங்க. பொறுமையாப் பழக்குங்க."

பொறுமை என்னிடம் நிறைய இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள்.

ஜூன் 5, புதன்

ஒரு கார் கட்டப்போகிறேன்.

அவருடைய பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு படம் பார்த்தேன். ஹாட் ராட் என்கிறார்கள். அமெரிக்காவில் பழைய காரை வாங்கி, கூரையை நறுக்கித் தாழ இறக்கி, வேறு ஏதோ வண்டியின் பெரிய எஞ்சினை மூடியில்லாமல் வெளியே தெரியும்படி வைத்து, பின்னால் பெரிய சக்கரமும் முன்னால் சின்னச் சக்கரமும் மாட்டி ஓட்டுவார்களாம். அக்காவின் பாவாடையை வெட்டித் தங்கைக்குச் சட்டை தைப்பது போலத்தான். எதுவும் புதிதாக வாங்கக் கூடாது, கிடைத்ததை ஒட்டிச் செய்ய வேண்டும். அதுதான் அதன் அழகு.

அவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "இந்த மாதிரி ஒண்ணு கட்டலாமாங்க?"

வெகுநேரம் படத்தையே பார்த்தார். ஒரு தட்டு.

"உங்க அறையைத் திறக்கட்டுமா?"

இரண்டு தட்டு. அந்தப் பெண் சொன்னது நினைவு வந்தது. ஆமாவும் இல்லையும் மாறிப்போகும். அறையைத் திறந்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அந்த அறைக்குள் நின்றது குறைவு. தூசி வரும் என்பார். டர்பன்டைன் வாசனை இன்னும் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத் தேர்வு வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே கேள்வி. ஆமா, இல்லை என்றால் போதும். படித்ததை மறக்காமலிருக்க வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன்.

கேட்டேன். விடை தவறு.

கீழ்த்தட்டிலிருந்த ஜீப்பை எடுத்துப் பின்சக்கரங்களைக் கழற்றினேன். ஹாட் ராடுக்குப் பெரிய பின்சக்கரம் வேண்டும் அல்லவா? கத்தி முனையை அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் டக்கென்று வருகிறது. அவர் முன்னாலேயே செய்தேன், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. மேல்தட்டில் இருக்கும் சிவப்புக் காரை மட்டும் கடைசி வரை தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுதான் அவருக்கு உயிர்.

ஜூன் 14, வெள்ளி

காலிங் பெல் வாங்கிவந்து மாட்டினேன். பொத்தானைக் கட்டில் கம்பியில், அவர் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டிவிட்டேன். அமுக்கினால் சமையலறையில் குருவி மாதிரிக் கத்தும். இன்றைக்கு மட்டும் குருவி கத்திக் கத்தி எனக்குத் தலைவலி. ஒவ்வொரு முறையும் போனேன். தலையணை சரியில்லை. மின்விசிறி வேகம். ஈ. முகம் சுளிக்காமல் போனேன்.

ஜூன் 20, வியாழன்

எழில் பூனாவிலிருந்து வீடியோவில் வந்தாள். பின்னால் மேசையில் பிரித்துப் போட்டிருந்த லாரியைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அது அப்பா லாரி இல்ல? எதுக்கும்மா பிரிச்சு வெச்சிருக்கே?"

"எஞ்சின் தேவைப்பட்டதுடி. டாக்டர்தான் அவரை ஈடுபடுத்தச் சொன்னாங்க."

"அப்பாகிட்டே கேட்டியா?"

"அவர்கிட்டே கேட்காம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடறதில்லை" என்றேன். உண்மைதான். எல்லாவற்றையும் கேட்கிறேன். எஞ்சின் மேடை எவ்வளவு உயரம், கூரையை எங்கே நறுக்குவது, எந்தப் பசை கண்ணாடியைப் புகைபோல் வெளுக்க வைக்கும், எது வெளுக்க வைக்காது. அவர் சரியாகவே தட்டுகிறார். நல்ல மாணவர்.

"உன்னை மாதிரி யாரும்மா பார்த்துப்பாங்க. தீபாவளிக்கு வர்றேன்" என்றாள் எழில்.

ஜூன் 23, ஞாயிறு

தேர்வு. தவறு. நீல வேனின் முன்கண்ணாடி.

ஜூன் 28, வெள்ளி

கூரையை நறுக்கினேன். நான்கு தூண்களையும் ஒரே உயரத்துக்கு அறுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கூரை சாய்ந்துவிடும். நாற்காலியின் ஒரு காலைச் சரிசெய்யப்போய் நான்கையும் மாற்றி மாற்றி அறுத்து முக்காலியாக்கிய எங்கள் பள்ளிக் காவலாளி நினைவுக்கு வந்தார். என் கணவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

ஆனால் மூன்றாவது தூணில் நான் ரம்பத்தை வைத்ததும் வேகமாக இரண்டு முறை தட்டினார். பார்த்தேன், கோடு தப்பு. திருத்திக்கொண்டேன். கூரை உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. அந்த ஒரு நொடி நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில் இப்படி இருந்திருக்கலாம்.

ஜூலை 4, வியாழன்

முன்பக்கக் கிரில்லுக்கு மெல்லிய வலை தேவைப்பட்டது. அவருடைய எலெக்ட்ரிக் ஷேவரின் தகடு அளவெடுத்தது போல் இருந்தது. ஜெசிந்தா எப்படியும் பிளேடில்தான் மழிக்கிறாள். இருக்கைக்குத் தோல் வேண்டும். வாட்ச் பட்டையை நறுக்கினேன். மணி பார்த்து அவர் எங்கே போகப்போகிறார்?

இரண்டுக்கும் கேட்டேன். இரண்டுக்கும் இரண்டு தட்டு. ஆமாவும் இல்லையும் இன்னும் சரியாகப் பிரியவில்லை, பாவம்.

ஜூலை 11, வியாழன்

ஜெசிந்தா புகார் சொன்னாள். "டீச்சரம்மா, சார் தண்ணியே குடிக்க மாட்றாரு. டம்ளர்ல மூஞ்ச வெச்சு மோந்து மோந்து பாக்குறாரு, அப்புறம் வாய இறுக்கிக்குறாரு. ஒண்ணுக்குப் போறதே கம்மியாப் போச்சு. இன்னா வெயிலு! இப்டியே போனா கிட்னி போயிடும்."

"என்னத்தை மோந்து பார்க்கிறார்?"

"நீங்க அதே மாரி டம்ளர்லதான பிரஷ் கழுவுற எண்ணெய ஊத்தி வெச்சுக்குனு இருக்கீங்க? அதான் சாருக்கு டவுட்டா இருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கண்ணாடி டம்ளர் என்றால் கைதவறி உடையும். அதனால் டர்பன்டைனை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அவருடைய சாப்பாட்டுப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொள்கிறேன். அவரும் அப்படித்தான் செய்வார். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பக்கத்திலேயே தண்ணீர் டம்ளர். இரண்டும் ஒரே செட்.

"பாருங்க, நான் குடிக்கிறேன்" என்று ஒரு வாய் குடித்துக் காட்டினேன். குழந்தைகளுக்கும் நாம் முதலில் செய்து காட்ட வேண்டும். பிறகு குடித்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

ஜூலை 14, ஞாயிறு

தேர்வுக் கேள்வியை இங்கே எழுதி வைக்கவே இல்லை. வினாத்தாளை எழுதி வைக்காத ஆசிரியர் உண்டா?

கேள்வி: இளங்கோ குடித்த டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தது நீங்கள்தானே?

எண்பத்து நாலு ஆகஸ்ட் பதினெட்டு. எங்கள் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கூடத்து மேசையில் அந்தச் சிவப்புக் காருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவன் விளையாடிவிட்டு வந்து, தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டான். தூக்கிக்கொண்டு நான் தெருவுக்கு ஓடினேன். ரிக்‌ஷாவில் ஏறும்போது ஜன்னல் வழியாக இவரைக் கூப்பிட்டேன். "ரெண்டாவது கோட்டிங் அடிச்சுட்டிருக்கேன், முடிச்சுட்டு வரேன், நீ போ" என்றார். வந்தார். அதற்குள் அவன் நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. மறுநாள் காலையில் முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இவருடைய அம்மா கேட்டார், டம்ளரை யார் அங்கே வைத்தது என்று. இவர் என்னைப் பார்த்தார். "அலமாரியில வெச்சிருந்தேன். இவதான் கழுவறதுக்கு எடுத்துக் கீழே வெச்சிருக்கா" என்றார். அன்றிலிருந்து அதுதான் கதை. போலீஸ் எழுதிக்கொண்டதும் அதுதான். பிறகு பிறந்த எழிலுக்குத் தெரிந்ததும் அதுதான். பதினாறு வயதில் ஏதோ சண்டையில், "அண்ணனைத்தான் கவனிக்கலை, என்னையாவது விடு" என்றாள் என்னிடம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

இன்றும் கேட்டேன். இரண்டு தட்டு.

நான் கோபப்படவில்லை. மூளையில் இடம் மாறியிருக்கலாம். சந்தேகத்தின் பலனை மாணவனுக்குத்தான் தர வேண்டும். நடுத்தட்டில் இருந்த பச்சைக் காரின் முன்னச்சை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

அலமாரியில் சிவப்புக் காரைத் தவிர முழுதாக எதுவும் இல்லை. என் கார் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது, நானே சொல்லக் கூடாது. முன்னச்சுக்கு மட்டும் பொடி ஸ்பிரிங் ஒன்று வேண்டும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் நீளம், ஒடுக்கம். பொருந்தவில்லை. தேட வேண்டும்.

பதினெட்டாம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

கறுப்பு எனாமல் அடித்தேன். தண்ணீர் வரவில்லை. ஜெசிந்தா தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்றாள்.

இப்போதுதான் ஒன்று புரிந்தது. பெயின்டைப் பாதியில் விட முடியாது. விட்டால் நனைந்த இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே கோடு விழுந்துவிடுகிறது. நான் காரின் கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது குருவி கத்தியது. போய் வந்தேன், கோடு விழுந்திருந்தது. அன்றைக்கு அவர் ஏன் உடனே வரவில்லை என்பதன் தொழில்நுட்பக் காரணம் எனக்கு இத்தனை நாள் தெரியாது. எதையும் செய்து பார்த்தால்தான் விளங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கறுப்பின் மேல் சிவப்பு அடிக்க நினைத்தேன். அவர் அறையில் பழைய சிவப்பு டப்பா ஒன்று இருந்தது. நிஜக் கார்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் அடிக்கிற வகை, சட்டென்று காயும், வாசனை மூக்கைப் பிய்க்கும். டப்பாவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இந்தக் கார் பெயின்டை எனாமல் மேல அடிக்கலாமாங்க? ஒத்துக்குமா?"

டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு தட்டு. தெளிவான, அழகான ஒரு தட்டு.

அடித்தேன். கொஞ்ச நேரம் பளபளவென்று இருந்தது. பிறகு கூரையில் ஒரு சுருக்கம். அது பக்கத்துக்குப் பரவியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு, மூடி, பின்பக்கம் எல்லாம் சூடான பாலின் ஆடையை ஊதினால் சுருங்குமே, அப்படிச் சுருங்கி எழுந்துவிட்டது. இரண்டு மாத உழைப்பு கிழவியின் தோல் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது ஒரு சத்தம். முதலில் அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து ஓடினேன். இல்லை. சிரிக்கிறார். மார்ச்சுக்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். கோணலான வாயில் எச்சில் வழிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

நான் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அவர் அறையில் இருந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனாமல் மேல் அந்த வகைப் பெயின்டை அடிக்கவே கூடாது. அதை இளக்கக் கலந்திருக்கும் தின்னர் கீழே இருப்பதைக் கடித்துத் தூக்கிவிடும். அந்த வரியின் ஓரத்தில் அவருடைய பென்சில் கோடு. நாற்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்.

ஆகவே ஆமாவும் இல்லையும் அவருக்கு இடம் மாறவில்லை. எது உண்மை, எது பொய், எந்த இடத்தில் எதைத் தட்டினால் என்ன நடக்கும், எல்லாம் தெரிகிறது. நேற்று பொய் சொன்னவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொய் சொல்லத் தெரியும்.

இத்தனை வாரம் சந்தேகத்தின் பலன் கொடுத்துவந்தேன். நேற்று அவரே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனம் மிக லேசாக இருக்கிறது. ஒரு கணக்கில் தெரியாத எண் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகக் கிடைத்துவிடும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தேர்வு வைக்கவில்லை. படிப்பு விடுமுறை என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு முழு ஆண்டுத் தேர்வு.

காரை பிரேக் ஆயிலில் ஊறப்போட்டேன். இரண்டு நாள் ஊறினால் பெயின்ட் முழுக்க உரிந்து பழைய பிளாஸ்டிக் வந்துவிடுமாம். ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, ஊறுகா போட்டுக்கீறீங்களா?" என்றாள்.

இதே எண்ணெயில் சிவப்புக் காரைப் போட்டாலும் அப்படித்தான் உரியும் என்று அவரிடம் விளக்கினேன். எந்தக் காருக்கும் ஒரே வேதியியல்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் விளக்கேற்றினேன். இளங்கோவின் படம் ஒன்றுதான் இருக்கிறது, ஸ்டூடியோவில் மர யானைமேல் உட்கார்ந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜெசிந்தா வரவில்லை. நானே அவருக்குத் துடைத்து, நல்ல சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து சிவப்புக் காரை எடுத்தேன். அதை நான் கையில் எடுத்ததே இல்லை. எடை இல்லாமல் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாகியும் அந்தச் சிவப்பு மங்கவில்லை. ஓரிடத்தில்கூடக் கோடு இல்லை. அவ்வளவு சுத்தமாக முடித்திருக்கிறார்.

பிரேக் ஆயில் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தேன். அதற்கு மேலே காரைப் பிடித்துக்கொண்டேன்.

"சரியான விடை சொன்னா காரை ஒண்ணும் செய்யமாட்டேன். திரும்ப மேல வெச்சுடுவேன். நான் வாக்குக் கொடுத்தா மாறமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

கேள்வியைக் கேட்டேன்.

அவர் இளங்கோவின் படத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கொஞ்சம் தாழ்த்தினேன். சக்கரத்தில் எண்ணெய் பட்டிருக்கும்.

ஒரு தட்டு.

"மறுபடி சொல்லுங்க. டம்ளரை அங்கே வெச்சது நீங்கதானே?"

ஒரு தட்டு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை காரை நோக்கி நீண்டது. விரல்கள் விரிந்து விரிந்து மூடின, குழந்தை கேட்பது போல.

முப்பத்தைந்து வருஷம் என் பிள்ளைக்காகச் சொல்லாததை ஒரு பொம்மைக்காகச் சொல்லிவிட்டார். பொம்மை இல்லை, மாடல்.

சக்கரத்தைத் துடைத்துக் காரை மேல்தட்டில் பழைய இடத்திலேயே வைத்தேன். கண்ணாடிக் கதவைப் பூட்டினேன். பிறகு அவர் கட்டிலைத் தள்ளி எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் வெற்றுச் சுவர், கண்ணுக்குக் கூச்சம் இல்லை.

எழிலைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ஒரு தட்டு என்று சொன்னால் என்ன புரியும் அவளுக்கு? வைத்துவிட்டேன். முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முன்னச்சுக்கு ஸ்பிரிங் கிடைத்துவிட்டது! இத்தனை நாளாகக் கண்ணெதிரேயே இருந்திருக்கிறது. காலிங் பெல் பொத்தானைத் திறந்தால் உள்ளே பாட்டரியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் ஒன்று. நீளமும் சுற்றளவும் அச்சடித்தது போல் பொருந்துகிறது. பொத்தானை மூடி, முன்பு இருந்தபடியே கட்டில் கம்பியில் கட்டிவிட்டேன். பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. ஜெசிந்தா மதியம் கிளம்பும்போதுகூட, "பெல்லு கைக்கு எட்டுது, கவல இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கார் இப்போது நாலு சக்கரத்திலும் சமமாக நிற்கிறது. விரலால் அமுக்கினால் முன்பக்கம் தாழ்ந்து எழுகிறது. அவ்வளவு அழகு. நேற்று முன்தினம் முதல் கோட்டிங். சிவப்பு எனாமல், இந்த முறை புத்தகத்தைப் பார்த்தே கலந்தேன். இப்போது அவருடைய அறையில், அவருடைய மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது கோட்டிங். கூரை முடிந்தது, இடது கதவு முடிந்தது. பிரஷ்ஷில் பெயின்ட் ஊறும் இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

பொத்தானை அமுக்கிப் பார்த்திருப்பார். குருவி கத்தவில்லை. கொஞ்ச நேரமாகக் கட்டில் கம்பியில் அவருடைய மோதிரம் இடிக்கும் சத்தம் கேட்கிறது. தண்ணீர் கேட்கிறார் போலிருக்கிறது. ஒரு தட்டு. நிறுத்திவிட்டு மறுபடி ஒரு தட்டு. ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

பாதியில் விட்டால் கோடு விழுந்துவிடும். முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.